உயிர்வேலியில் ஏணியைச் சாய்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை சீசனுக்கு முன் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீடு, விடுதி, எஸ்டேட் பங்களா, பள்ளிக்கூடம் என்று எங்கு பார்த்தாலும் வேலி வெட்டும் வேலை நடக்கும். சைப்ரஸ் உயிர்வேலிகள் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு அடிக்கு ஓங்கி நிற்கின்றன. வெட்ட வருகிறவர் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு மூங்கில் ஏணி. இல்லாவிட்டால், சுவருக்குப் பெயின்ட் அடிக்க வீட்டுக்காரர் வாங்கிப் போட்டிருக்கும் அலுமினிய ஏணி. அதை எடுத்து வேலிமேல் சாய்த்து, கையில் கத்தரியோ ட்ரிம்மர் என்ற வேலி வெட்டும் இயந்திரமோ பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறார். தோட்ட வேலையில் இருக்கும் நாங்கள் இந்த ஒரு பழக்கம் நிற்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

சாய்த்து வைக்கும் ஏணிக்கு இரண்டு பிடிமானம் வேண்டும். அடியில் நழுவாத தரை, தலைப்பக்கம் உள்வாங்காத சுவர். உயிர்வேலியில் இரண்டாவது கிடையாது. வெளியே பார்க்க அடர்ந்து, வெட்டிய சுவர் போலவே இருக்கும். ஆனால் அந்தப் பச்சை ஓர் அடி ஆழத்துக்குத்தான். உள்ளே காய்ந்த குச்சியும் வெற்றிடமும்தான் இருக்கும்.

கீழே நின்று ஏணியைக் கையால் அழுத்திப் பார்த்தால் உறுதியாக நிற்பது போலத் தோன்றும். இரண்டு, மூன்று படி ஏறினாலும் அசையாது. ஏமாற்றுவது அதுதான். ஏணியின் தலை வேலியைத் தள்ளும் விசை, ஆள் மேலே ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி, அதாவது 75 டிகிரி சாய்வில், சரியாகவே வைத்த ஏணி என்று கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவர் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கும்போது அவர் எடையால் ஏணித்தலை வேலியைத் தள்ளுவது சுமார் 6 கிலோ. முக்கால் உயரத்துக்குப் போனதும் அது 14 கிலோ ஆகிவிடும். 6 கிலோவைத் தாங்கிய குச்சி 14 கிலோவுக்கு வளைந்து வழிவிடும். தலை ஓர் அடி உள்ளே புதைந்தால் பத்தடி ஏணியின் சாய்வு 75 டிகிரியிலிருந்து 69க்கு இறங்கும். இரண்டடி புதைந்தால் ஏறக்குறைய 63. சாய்வு படுக்கப் படுக்கத் தள்ளும் விசை இன்னும் ஏறும். 60 டிகிரியில் அதே ஆளுக்கு அதே இடத்தில் 30 கிலோ. மேலே எவ்வளவு தள்ளுகிறதோ, அடிக்கால் அதே அளவுக்குப் பின்னால் நழுவப் பார்க்கும். கீழே ஈரப் புல் இருந்தால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இது நேர்கோட்டில் நடந்தால். நடைமுறையில் ஏணியின் ஒரு கால் தடித்த கிளைமேலும் இன்னொரு கால் வெறும் இலைமேலும் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதையும். ஏணி முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் புரளும். ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிம்மரோடு ஆளும் சேர்ந்து விழுகிறார். காகிதப்பூ, கொடுக்காப்புளி போன்ற முள் வேலி என்றால் அதற்குள்ளேயே விழுவார். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அவரால் பிடிக்க முடிவது அடிக்காலைத்தான்; தலை புதைவதை அவரால் தடுக்க முடியாது.

வேலிக்கு நடுவே ஒரு பலகையைக் கட்டி அதன்மேல் ஏணியைச் சாய்ப்பவர்களும் உண்டு. பலகை விசையைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டிக்கொண்டே நகர வேண்டிய வேலையில் பலகையை யாரும் ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்டுவதில்லை. மூன்றாவது நகர்த்தலில் பலகை ஓர் ஓரமாகக் கிடக்கும்.

இப்போது கடைகளில் ஏணியோடு சேர்த்தும் தனியாகவும், ஏணி ஆடாமல் நிற்க உதவும் ஸ்டெபிலைசர் என்று சில பொருள்கள் விற்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் எது எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, ஏணியின் அடியில் குறுக்காகப் பொருத்தும் அகலமான கட்டை. ஐரோப்பாவில் 2018 முதல், மூன்று மீட்டருக்கு மேற்பட்ட சாய்வு ஏணிகளுக்கு அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும் என்று இ.என். 131 என்ற தரவிதி மாற்றப்பட்டது. அதனால் அங்கே அந்த நீள ஏணிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டையோடு வருகின்றன. ஏணி பக்கவாட்டில் சரிவதை அது நன்றாகக் குறைக்கும். ஆனால் தலை வேலிக்குள் புதைவதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இரண்டாவது, தலையில் மாட்டும் இரண்டு கைகள். சுவரிலிருந்து ஏணியை ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி நிறுத்துபவை. கூரைத் தகடு, மழைநீர்க் குழாய் உள்ள இடத்தில் மிக நல்ல பொருள். வேலியில் அவை இரண்டு கம்புகள் போல உள்ளே குத்திக்கொண்டு போகும், அவ்வளவுதான். மூன்றாவது, ஏணியின் இருபுறமும் சாய்வாக இறங்கித் தரையில் ஊன்றும் பக்க முட்டுகள். இவை பயனுள்ளவை, ஏணியின் தலைக்கு உறுதியான தாங்கல் இருக்கும் வரை. நான்காவது, சமமில்லாத தரைக்காக ஒரு காலை மட்டும் நீட்டிக் குறைக்கும் கால்நீட்டி. செங்கல்லும் கருங்கல் துண்டும் வைத்து முட்டுக் கொடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். செங்கல் ஒருபோதும் ஏணிக்கால் அகலத்துக்குப் படியாது. கால் மெல்ல விளிம்புக்கு நகர்ந்து, செங்கல் புரளும். ஆக இந்த நான்கில் ஒன்றுகூட வேலியைச் சுவராக்காது. சாய்வு ஏணியை வைத்துக்கொண்டு அதற்கு ஸ்டெபிலைசர் தேடுவது உயிர்வேலி வேலைக்குத் தவறான தொடக்கம். தானே நிற்கும் ஏணி வேண்டும்.

தானே நிற்கும் ஏணி என்றதும் ‘ஏ’ வடிவ நான்கு கால் ஏணிதான் நினைவுக்கு வரும். சிமென்ட் தளத்தில் அது நல்ல ஏணி. தோட்டத்தில் அதற்கு இரண்டு குறை. நான்கு கால் மேசையைக் கரடுமுரடான தரையில் போட்டால் ஒரு கால் எப்போதும் ஆடும். ஆள் எடையை மாற்றும்போது ஆட்டம் அந்தக் காலிலிருந்து எதிர்க் காலுக்குப் போகும், ஏணி தள்ளாடும். இன்னொன்று, அதன் பின்கால்கள் மூன்று, நான்கு அடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலியைப் பார்த்து நிறுத்தினால் பின்கால் வேலியில் முட்டி, ஆள் தள்ளி நிற்க வேண்டியிருக்கும், எட்டி வெட்டுவார். அதைத் தவிர்க்க ஏணியை வேலிக்கு இணையாகத் திருப்பி வைத்து, பக்கவாட்டில் திரும்பி வெட்டுவார்கள். ‘ஏ’ ஏணி மிகவும் பலவீனமாக இருப்பது அந்தப் பக்கவாட்டில்தான். இதைவிட மோசம், அந்த ஏணியை மடித்து வேலியில் சாய்ப்பது. மடித்த நிலையில் அதன் ரப்பர் பாதங்கள் தரையில் படியவே படியாது. விளிம்பு மட்டும்தான் தொடும்.

தோட்டத்துக்கென்றே உள்ளது மூன்று கால் ஏணி. ஜப்பானில் மரங்களைச் சீர்படுத்தும் தோட்டக்காரர்கள் கையில் பார்ப்பது இதுதான். பிரிட்டனிலும் வேலி வெட்டுகிறவர்கள் பரவலாக இதற்கு மாறியிருக்கிறார்கள். படிகள் உள்ள முன்பக்கம் அடியில் அகன்று விரிந்திருக்கும்; பத்தடி ஏணிக்குச் சுமார் நான்கு அடி. பின்னால் ஒரே ஒரு கம்பு. எவ்வளவு கரடான தரையிலும் மூன்று கால் ஆடாது. அந்த ஒற்றைக் கம்பை வேலிக்குள் இரண்டு செடிகளுக்கு நடுவே நுழைத்து ஊன்றலாம் என்பதால் படிகள் வேலியை ஒட்டியே வந்துவிடும். ஆள் வேலியை நேராகப் பார்த்து நிற்பார். எட்ட வேண்டியதில்லை, திரும்ப வேண்டியதில்லை. இந்த வேலைக்கு ஏணியில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பது எங்கள் திடமான கருத்து.

ஆனால் அதற்கும் முறை உண்டு. பாதங்களில் ரப்பருக்குப் பதில் நகம் போன்ற விளிம்பு இருக்கும். அது மண்ணில் இறங்கிப் பிடிக்கும். ஏணியை விரித்ததும் முதல் படியில் ஏறி இரண்டு, மூன்று முறை அழுத்தி மிதித்து இரண்டு முன்கால்களையும் சமமாக இறக்க வேண்டும். பிறகு படிமேல் சிறிய ரசமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். படி இடவலமாகவும் முன்பின்னாகவும் மட்டமாக இருக்க வேண்டும். முன்பின் மட்டத்தைப் பின்கம்பின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். அந்த வசதியுள்ள ஏணியாகவே வாங்குங்கள், நிலையான நீளக் கம்பு மலைக்கு உதவாது. முன்கால்களும் தனித்தனியாக நீளுவதாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பை நீட்டிப் பூட்டும் ஊசி துளையின் மறுபக்கம் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்காமல் ஏறக் கூடாது. பாதி நுழைந்த ஊசி ஆள் நடுப்படிக்குப் போகும்வரை பிடித்துக்கொண்டிருக்கும்.

சிமென்ட் தரையிலோ டைல்ஸிலோ இந்த ஏணியை அப்படியே வைக்கக் கூடாது. நகம் பிடிக்க மண் இல்லாததால் பின்கம்பு வெளியே சறுக்கி, ஏணி விரிந்து படுத்துவிடும். அங்கே பாதங்களுக்கு ரப்பர் உறை போட்டு, பின்கம்பையும் முன்கால்களையும் சங்கிலியாலோ நீளாத கயிற்றாலோ பிணைக்க வேண்டும். அதுபோலவே மிகவும் இளகிய மண். குதிகாலை ஊன்றிப் பார்த்து ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓரடிச் சதுரம், ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகை போடுங்கள். பலகையின் விளிம்பில் ஒரு ரீப்பர் கட்டையை ஆணியடித்துவிட்டால் கால் வழுக்கி வெளியே போகாது. வேலியின் அடியில் எலி வளை, பெருச்சாளி வளை இருக்கும். பின்கம்பு ஊன்றும் இடத்தை முதலில் ஒரு தடியால் குத்திப் பாருங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று கால் ஏணியின் அடித்தளம் முக்கோணம். கீழ்ப்படியில் நிற்கும்போது எடை முக்கோணத்தின் அகன்ற பக்கத்தில் விழும். மேலே போகப் போக எடை பின்கம்பு இருக்கும் கூரான முனையை நோக்கி நகரும். அங்கே அகலம் குறைவு. ஆகவே கீழே நின்று இடப்பக்கம் சாய்ந்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று உச்சியிலும் அதே அளவு சாயக் கூடாது. உச்சிப்படியும் அதற்கு அடுத்த படியும் நிற்பதற்கல்ல என்று சொல்வது இதனால்தான். இடுப்பு பெல்ட்டின் கொக்கி எப்போதும் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அது வெளியே போகிறது என்றால் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டிய நேரம்.

மலைச்சரிவில் வைக்கும்போது ஒற்றைக் கம்பு மேட்டுப்பக்கம், படிகள் பள்ளத்துப்பக்கம். மேட்டைப் பார்த்தபடி ஏற வேண்டும். இதைத் திசை மாற்றி வைத்தால் உங்கள் எடை முழுவதும் பள்ளத்தை நோக்கி ஒரே கம்பின் மேல் இறங்கும். வேலி சரிவுக்குக் குறுக்காக ஓடினால், மேட்டுப் பக்கமிருந்து வெட்டுவதைவிடப் பள்ளத்துப் பக்கமிருந்து வெட்டுவது ஏணிக்குச் சரி. ஆனால் உயரம் கூடுதலாக வரும். அப்போது மேட்டுப் பக்கத்தைத் தரையில் நின்றே நீளக் கம்பு ட்ரிம்மரால் முடித்துக்கொண்டு, ஏணியைப் பள்ளத்துப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் கவலைப்பட வேண்டிய இடம் தாங்குசுவர். வீட்டு மனையை மட்டப்படுத்தக் கட்டிய எட்டடி, பத்தடி தாங்குசுவரின் விளிம்பில்தான் பலரும் வேலி வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் ஏழடி வேலி. மறுபக்கம் விழுந்தால் ஒன்றரை மாடி. அந்த வேலியின் வெளிப்பக்கத்தை எந்த ஏணியாலும் வெட்டக் கூடாது. கீழே சாலையில் நின்று ஏணி போட்டால் போக்குவரத்து, மேலே நின்று வளைந்து எட்டினால் வேலியோடு சேர்ந்து கவிழ வேண்டியதுதான். கீழே இடமிருந்தால் சாரம் கட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலியை நெஞ்சளவுக்குக் குறைத்து, அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உயர ஏணி வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். கடைக்காரர் எழுதி ஒட்டியிருப்பது ஏணியின் மொத்த நீளம். நமக்கு வேண்டியது நிற்கும் உயரம். வேலியின் தலையை மட்டமாக வெட்ட, வேலியின் உச்சி வெட்டுகிறவரின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில் வர வேண்டும். தோளுக்கு மேல் ட்ரிம்மரைத் தூக்கி வெட்டினால் கை சீக்கிரம் ஓயும், வெட்டும் தெரியாது, தழையெல்லாம் முகத்தில் விழும். ஐந்தரை அடி ஆளுக்கு வேலி உயரத்தில் நான்கு அடி கழித்தால் நிற்க வேண்டிய உயரம் கிடைக்கும். பத்தடி வேலிக்கு ஆறடியில் நிற்க வேண்டும். படிகள் ஓரடி இடைவெளியில் இருக்கும் எட்டடி ஏணியில், உச்சிப்படியையும் சேர்த்து எண்ணினால் மேலிருந்து மூன்றாம் படி ஆறடியில் வரும். ஆக வேலி உயரத்தில் இரண்டடி குறைத்தால் வாங்க வேண்டிய ஏணியின் உயரம். எட்டடி வேலிக்கு ஆறடி ஏணி, பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. தேவைக்கு மேல் பெரிய ஏணி வாங்கி வைப்பதும் தவறுதான். கனம் கூடினால் ஒவ்வொரு முறையும் நகர்த்தச் சோம்பல் வரும், சோம்பல் வந்தால் எட்டி வெட்டுவார். பன்னிரண்டு அடியைத் தாண்டிய வேலிக்கு ஏணியே வேண்டாம்.

அதற்குச் சாரம். கட்டட வேலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் ‘ஹெச்’ ஃபிரேம் சாரமே போதும். அடியில் திருகி உயர்த்தும் ஜாக்கி இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள், சரிவில் அதுதான் உயிர். மேடையின் உயரம் அடித்தளத்தின் குறுகிய பக்கத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. அடி மூன்றடி என்றால் மேடை ஒன்பதடிக்குள். மேடைக்குக் கைப்பிடி வேண்டும். இரண்டு பக்கக் குறுக்குக் கம்பிகளையும் மாட்டாமல் ஏறுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. குறுக்குக் கம்பி இல்லாத சாரம் சீட்டுக்கட்டு போல மடியும்.

வேறு சில ஏணிகளைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளுக்குள் மடங்கும் டெலஸ்கோபிக் ஏணி காரில் எடுத்துப்போக வசதி. ஆனால் மண்ணும் இலைத்தூளும் படும் இடத்தில் அதன் பூட்டுகளை நம்ப முடியாது. நான்கு மடிப்பு ஏணியை மேடை போல வளைத்துப் போடலாம், மட்டமான சிமென்ட் தரையில் மட்டும். மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியை வேலிக்குக் கொண்டுவராதீர்கள். மிளகுக்கொடி ஏறிய மரத்தின் தண்டில் சாய்த்துக் கட்டுவதால்தான் அது அங்கே வேலை செய்கிறது. இரட்டைக்கால் மூங்கில் ஏணி மலிவு, இலேசு. படியைப் பிணைத்த கயிறு மழையிலும் பனியிலும் உள்ளிருந்து இற்றுப்போவது வெளியே தெரியாது. படியைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுழன்றால் ஏறாதீர்கள். நமது ஐ.எஸ். 3696 தரக்குறியீட்டின் இரண்டாம் பகுதி முழுக்க ஏணிப் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. ஏணி வாங்கி வேலையாட்களுக்குக் கொடுக்கிற விடுதிகளும் பள்ளிகளும் அதைப் பார்க்க வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் மூன்று கால் ஏணி செய்து வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இரும்புக் குழாயில் செய்தால் கனம் தாங்காது. அலுமினிய வெல்டிங் கைதேர்ந்த வேலை, பார்த்த மாத்திரத்தில் பற்று சரியா தவறா என்று சொல்ல முடியாது. சோதித்த ஏணியாக, 150 கிலோ தாங்கும் என்ற முத்திரையோடு வாங்குவதே மேல். ஆள் 70, 75 கிலோ, பெட்ரோல் ட்ரிம்மர் 5, 6 கிலோ, அதன் இழுப்பு, ஏறி இறங்கும் அதிர்ச்சி எல்லாம் சேர்த்துத்தான் அந்த அளவு.

ட்ரிம்மரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏணியில் ஏறினால் இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் பிடியில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ட்ரிம்மரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கருவியின் விதி. இரண்டும் ஒன்றாகச் சேராது. அதனால்தான் இந்த வேலைக்கு, முட்டிக்கு மேலே தொடை சாய்ந்து தாங்கிக்கொள்ள இரண்டு படி மிச்சமிருக்கும் ஏணி தேவைப்படுகிறது. தடித்த குச்சியில் பல் சிக்கினால் ட்ரிம்மர் ஆளைப் பக்கவாட்டில் இழுக்கும். விரல் கனத்துக்கு மேற்பட்ட கிளைகளை முதலில் கைக்கத்தரியாலோ சிறு ரம்பத்தாலோ எடுத்துவிட்டால் அந்த இழுப்பு வராது. ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். கருவியைக் கீழே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். ட்ரிம்மரின் சுவிட்சை விட்ட பிறகும் பற்கள் ஒரு கணம் ஓடும்.

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயர வேலை விதிகளில் முதல் கடமையே, உயரத்தில் ஏறாமல் செய்ய முடிந்த வேலைக்கு ஏறாதே என்பதுதான். எட்டடி, ஒன்பதடி வேலிக்கு நீளக் கம்பு ட்ரிம்மர் இருந்தால் தரையில் நின்றே முடித்துவிடலாம். தலையை வளைக்கக்கூடிய மாதிரி என்றால் மேல்மட்டத்தையும் வெட்டலாம். மட்டம் தெரியாதே என்பார்கள். இரண்டு முனையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டால் தெரியும். ஒரு நல்ல ஏணியின் விலையையும் இந்தக் கருவியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஏணி நகர்த்தும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மின்கம்பி. வேலியை ஒட்டிச் சர்வீஸ் ஒயரோ, மேலே தாழ்வழுத்தக் கம்பியோ போகாத மனை குறைவு. அலுமினிய ஏணி மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் கடத்தும். பைபர் ஏணிகூட அழுக்கும் ஈரமும் படிந்தால் நம்பத்தக்கதல்ல. வெட்டும்போதைவிட ஏணியை நிமிர்த்தித் தூக்கி நகர்த்தும்போதுதான் ஆபத்து. பத்தடி ஏணியைத் தோளில் செங்குத்தாகப் பிடித்தால் அதன் தலை பதினான்கு அடியில் போகும், தூக்குபவர் பார்ப்பது காலடியை. ஏணியைப் படுக்கையாக, இரண்டு பேராகத் தூக்குங்கள். கம்பி பத்தடிக்குள் இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தியது உறுதியான பிறகே வெட்டுங்கள்.

அன்றைய ஒழுங்கும் ஏணியளவு முக்கியம். மழை பெய்த மறுநாளும் பனிமூட்டம் விலகாத காலையும் ஏணி வேலைக்கு ஆகாது. கையெட்டும் உயரம்வரை தரையில் நின்று முதலில் வெட்டி, விழுந்த தழையை வாரிய பிறகே ஏணியைக் கொண்டுவாருங்கள். சைப்ரஸ் தழைமேல் வைத்த ஏணிக்கால் சோப்பின்மேல் வைத்த மாதிரி. குளவிக்கூடு, தேன்கூடு, பறவைக்கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே கம்பால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், சேறு அப்பிய கம்பூட்ஸும் வேண்டாம். குதிகால் வைத்த ஷூ போதும்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலி வெட்டும் வேலையை மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசாதீர்கள். 60 அடி நீள வேலியை ஒழுங்காக வெட்ட, ஏணியை ஒரு பக்கத்துக்கே இருபது முறையாவது நகர்த்த வேண்டும். மொத்தத் தொகை பேசிய ஆள் அதைப் பத்தாகக் குறைக்கத்தான் பார்ப்பார். மீதிப் பத்து நகர்த்தலையும் அவர் உடம்பை வளைத்து ஈடுகட்டுகிறார். இரண்டு பேருக்கு நாள்கூலி கொடுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே இருப்பவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஏணியைப் பார்க்கட்டும். ஏணி உங்களுடையதாக இருந்தால் அதன் நிலைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இத்தனையும் வேண்டாம் என்றால் வேலியைக் குறையுங்கள். சைப்ரஸ் வேலி ஆறரை, ஏழடிக்குள் இருந்தால் இரண்டு படி ஸ்டூலே போதும். ஆனால் சைப்ரஸை மற்றச் செடிகள் போல நினைத்து ஒட்ட வெட்டிவிடக் கூடாது. உள்ளே பழுப்பேறிய பழைய கட்டையிலிருந்து அது மறுபடி துளிர்க்காது. பக்கத்தில் பச்சையைத் தாண்டி வெட்டினால் அந்த ஓட்டை நிரந்தரம். உயரத்தை மட்டும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறைக்கலாம். பன்னிரண்டு அடியை ஏழுக்குக் கொண்டுவர இரண்டு பருவம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிறுத்த விரும்பும் உயரத்துக்கு அரையடி கீழே வெட்டினால், பக்கத்துப் பச்சை வளர்ந்து மேலே மூடிக்கொள்ளும். அடியைவிட மேல்பாகம் குறுகலாக, இலேசான சரிவில் வெட்டுங்கள். அடிப்பாகத்துக்கு வெயில் விழும். அடுத்த முறை வெட்டுகிறவருக்கு எட்ட வேண்டிய தூரமும் குறையும். சமவெளியில் டுராண்டா, மருதாணி, கிளுவை வேலி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. அவை தாழ வெட்டினாலும் துளிர்க்கும்.

மலை ஊர்களில் ஏணி விற்கும் கடைக்காரர்கள் மூன்று கால் ஏணியை வரவழைத்து வைக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தால்தான் வரும் என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், மூங்கிலை எடுத்துச் சாய்த்துவிடுவார்கள். ஏணியில் மொத்த நீளத்தோடு நிற்கும் உயரத்தையும் எழுதி ஒட்டலாம், அதற்குச் செலவில்லை. தோட்டக்கலைத் துறை பூங்காப் பணியாளர்களுக்கு இந்த ஏணியை வாங்கிக் கொடுத்து, சீசனுக்கு முன் ஒரு நாள் பொதுமக்களுக்கும் கூலித் தோட்டக்காரர்களுக்கும் அதை நிறுத்தும் முறையைக் காட்டலாம். சரிவில் ஒற்றைக் கம்பை எந்தப் பக்கம் ஊன்ற வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வாங்கி வாடகைக்கு விட மகளிர் சுய உதவிக் குழுக்களோ கருவி வாடகை மையங்களோ முன்வந்தால், ஒரு தெருவுக்கு ஓர் ஏணி தாராளம். ஒரு வீட்டுக்கு அது வருடத்தில் மூன்று, நான்கு நாள்தான் தேவைப்படும்.

இப்படிக்கு,
தோட்டப் பராமரிப்புப் பணியில் உள்ள சிலர்,
குன்னூர்.